மடிக்கணினியின் திரையும் மாணாக்கர் கைத்திறனும்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தோர், ஒரு பொருள் பழுதுற்றவுடன் அதனை எறிந்துவிட எண்ணும் இயல்பினர் அல்லர். போடி மெட்டின் வழியாகவும் கம்பம் மெட்டின் வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளை நோக்குக. அவற்றுட் சில, அவற்றை ஓட்டுவோரினும் வயது முதிர்ந்தவை. அவை இன்றும் மலையேறுகின்றன என்றால், அப்பெருமை தேனியிலும் சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் சாலையோரப் பட்டறைகளில் எண்ணெய் படிந்த கையோடு நிற்கும் நம்மவரையே சாரும். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டி மீண்டும் இறக்குகிறோம். தையல் யந்திரம் நூலறுத்தால் வீட்டுப் பெண்டிரே திருப்புளி எடுத்துச் சரிசெய்து கொள்ளுகின்றனர். இத்தகைய ஊரில், மடிக்கணினியின் திரையில் விரிசல் விழுந்த அளவிலே அதனைத் துணியிற் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிடுகிறோமே, அஃது ஏன்?

நம் அபிப்பிராயத்தை முதற்கண் கூறிவிடுதல் நலம். உடைந்த திரையை நீக்கிப் புதியது பொருத்துதல், கையும் கண்ணும் நிதானமும் உடைய எந்த மாணாக்கனும் மாணாக்கியும் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே செய்யத்தக்க வேலை. அதனைச் செய்யக் கற்பித்தல் கல்லூரியின் கடன். அதற்கு வேண்டும் விவரத்தையும் உறுப்பையும் கிடைக்கச் செய்தல், யந்திரத்தை வழங்குவோர் கடன். இம்மூன்றனுள் முதலாவதை மறுப்பார் அறியாமையால் மறுக்கின்றனர். ஏனைய இரண்டையும் மறுப்பார் உளரேல் அவரோடு வழக்காட நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.

நம் நாட்டில் இவ்விஷயம் செல்வர் வீட்டு விஷயமன்று. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. அரசினர் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் பயின்றோர்க்கும், அவ்வகைக் கல்லூரிகளில் பயின்றோர்க்கும், எல்காட் நிறுவனத்தின் வாயிலாகக் கொள்முதல் செய்யப்பெற்ற கணினிகள் இலட்சக் கணக்கில் வழங்கப்பட்டன. ஆண்டிபட்டித் தறிவீட்டிலும், கூடலூர்த் திராட்சைத் தோட்டக் குடிசையிலும், மலையடிவாரத்துச் சிற்றூர்களிலும் கணினி என்னும் பொருள் முதன்முதலாக நுழைந்தது அந்தக் கறுப்புப் பையின் வழியாகவே. சில ஆண்டுகளுக்குப் பின் அத்திட்டம் நின்றது. மறுபடியும், 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணாக்கர் இருபது இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்னும் அறிவிப்பு வந்தது. கொடை பெரிது; அதனைக் குறைகூறுவார் வரிசையில் நாம் நில்லோம். ஆயினும் உத்தரவாத காலம் கழிந்தபின் திரை உடையுமாயின் அதற்கு அவரவர் பாடே என்னும் நிலை மட்டும் மாறவில்லை.

அப்பாடு எத்தகையது என்பதற்கு நாம் அறிந்த ஒன்று கூறுவோம். சின்னமனூர்ப் பக்கத்து மாணாக்கி ஒருத்தி. தாய் ஏலத்தோட்டத்திற்குக் காய் பறிக்கச் செல்பவர். நெருக்கடியான பேருந்தில் பை நசுங்கி, கணினித் திரையின் மூலையிலிருந்து மை கொட்டியது போன்றதொரு கறை படர்ந்தது. பருவத்தேர்வுக்கு இருபது நாளே இருந்தன. தேனியில் ஒரு கடையில் காட்டியபோது, இம்மாதிரிக்குத் திரை வருவதில்லை, வேறு யந்திரம் வாங்கிக்கொள்வதே நன்று என்றனர். மற்றொரு கடையில், ஒரு திங்கள் கழித்து வா என்றதோடு, தாய்க்கு இரு வாரத்துக் கூலியினும் மிகுந்ததொரு தொகையையும் கூறினர். அந்தப் பெண் தன் கட்டுரைகளைக் கைப்பேசியிலேயே விரலால் எழுதி முடித்தாள். திரையின் பின்புறத்துச் சீட்டில் அச்சிட்ட எண்ணைப் படித்தறியலாம் என்பதை எவரேனும் அவளுக்குச் சொல்லியிருப்பின் அத்துன்பம் ஒரு வாரத்தில் நீங்கியிருக்கும். பிற்பாடு விடுதித் தோழியர் இருவர் துணையோடு அவளே திரையை மாற்றினாள். முக்கால் மணி நேரம் சென்றது என்றும், அதிற் பாதி நேரம் அச்சத்திற் கழிந்தது என்றும் கூறினாள்.

அந்த அச்சம் தெளிய வேண்டுமாயின் திரை என்பது யாது என அறிதல் வேண்டும். அது மிக மெல்லிய இரு கண்ணாடித் தகடுகள். அவற்றினிடையே மயிரிழையினும் நுண்ணியதோர் அடுக்காகத் திரவப் படிகம். பின்னே ஒளி தரும் விளக்கு வரிசை. திரவப் படிகத்தை முதலிற் கண்டவர் பௌதிகரும் அல்லர், யந்திர நூலாரும் அல்லர். 1888ஆம் ஆண்டில் பிராகு நகரிலிருந்த பிரீட்ரிக் ரைனிட்சர் என்னும் தாவர நூலறிஞர், ஒரு கொழுப்புச் சார்ந்த பொருளைக் காய்ச்சுகையில் அது இருமுறை உருகுவது போலத் தோன்றக் கண்டு வியந்தார். நம் தேசத்தார்க்கும் இத்துறையிற் பங்குண்டு. பெங்களூரு இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகர் என்பார் (விண்மீன்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றவர் வேறு, இவர் சர் சி. வி. இராமனின் மருகர்) தம் துணைவரோடு, தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாதல் கூடும் என்பதை 1977இல் வெளியிட்டார். அத்தகைய மூலக்கூறுகளைக் கொண்டு ஜப்பானிய ஃபியூஜி நிறுவனத்தார் பின்னாளில் ஒரு மென்படலம் ஆக்கினர். திரையைப் பக்கத்திலிருந்து நோக்கினும் உரு மங்காதிருக்கச் செய்வது அது. கணினிக்குள் இருப்பதெல்லாம் அயலார் மாயம் என்று கைகட்டி நிற்பார் இதனை அறிதல் நன்று.

திரை உடையும் விதங்கள் சிலவே. விசைப்பலகையின் மேல் எழுதுகோலையோ காதொலிப்பானையோ மறந்து வைத்து மூடுதல். மூடியின் ஒரு மூலையைப் பற்றித் தூக்குதல். பையில் சோற்றுப் பாத்திரத்தோடு நெருக்கி அடைத்தல். இவற்றால் உடைவது கண்ணாடி மாத்திரமே. நினைவகமும் தட்டும் செயலியும் கீழ்ப்பகுதியில் நலமாகவே இருக்கும். ஆதலின் முதற் சோதனை இது: கணினியை எச்.டி.எம்.ஐ. கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பார்க்க. அங்கே உரு தெளிவாக வருமாயின் பழுது திரையிலோ அதற்குச் செல்லும் கம்பியிலோ உள்ளது என்று கொள்க. விரிசலின்றித் திரை இருண்டிருந்தால், கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி நோக்குக. எழுத்துகள் மங்கலாகத் தெரியின் பின்னொளியோ அதற்கு மின்சாரம் செல்லும் வழியோ கெட்டது. இவ்விரண்டு சோதனைக்கும் காசு செலவில்லை. ஆயினும் இவற்றைச் செய்யாமலே கணினியைக் கைவிட்டோர் தொகை பெரிது.

இனி உறுப்பு வாங்குதல். கணினியின் பெயரைச் சொல்லித் திரை கேட்பதினும், பழைய திரையைக் கழற்றி அதன் முதுகிலுள்ள சீட்டின் எண்ணைச் சொல்லிக் கேட்பதே பிழையற்ற வழி. கணினியின் மேல் எந்தக் கம்பெனியின் பெயர் இருப்பினும், திரையை வார்ப்பவர் உலகில் ஒருசிலரே; பி.ஓ.இ., எல்.ஜி., ஏ.யு.ஓ., இன்னோலக்ஸ் என்பார் அவருள் முதன்மையானவர். ஒரே திரை வெவ்வேறு கம்பெனிக் கணினிகளில் இருப்பதும் உண்டு. ‘இம்மாதிரிக்குத் திரை வருவதில்லை’ என்னும் கடைக்காரர் சொல்லை அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும். அளவு 14 அங்குலமா, 15.6 அங்குலமா, புள்ளிகள் 1366 × 768ஆ, 1920 × 1080ஆ, இணைப்பு 30 பின்னா, 40 பின்னா, அது வலப்புறமா, இடப்புறமா, திருகாணி மாட்டும் காதுகள் உண்டா, இல்லையா, இவ்வைந்தும் ஒத்திருத்தல் வேண்டும். பழைய கணினிகளிற் பெரும்பாலும் 40 பின். பிற்காலத்தனவற்றிற் பெரும்பாலும் 30 பின். தொடுதிரை உடையவற்றில் 40 பின் மறுபடியும் வரும். அது பழைய 40 பின்னுக்கு ஒத்ததன்று. சென்னை ரிச்சி தெருவிலும் வலைக்கடைகளிலும் சாதாரணத் திரை ஏறக்குறைய 3,000 முதல் 5,000 ரூபாய்க்குள் கிடைக்கும். தேனிக்கு அஞ்சலில் வர மூன்று நான்கு நாள் ஆகலாம். கண்ணாடி ஆகலின், வந்த பெட்டியைத் திறப்பதைப் படம் பிடித்து வைத்தல் அறிவுடைமை.

வேலையோவெனில், பொறுமையே அதில் முக்காற் பங்கு. கணினியை முற்றும் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பேட்டரியையும் நீக்க வேண்டும். பேட்டரி உள்ளே இருப்பின் அடித்தகட்டைத் திறந்து அதன் இணைப்பைக் கழற்றுக. இதனை வீண் சடங்கு என்று தள்ளுவோர் உளர். மின்சாரம் இருக்கும்போது திரையின் இணைப்பு சிறிது கோணலாகச் செருகப்பட்டாலும் தாய்ப்பலகையிலுள்ள பின்னொளி உருகி எரிந்துபோகும். பிறகு புதுத் திரையும் இருண்டே இருக்கும். குற்றம் திரையின் மேல் ஏறும். இதன் பின் திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை எடுக்க வேண்டும். சிலவற்றில் ரப்பர் மூடிகளின் கீழ் இரண்டு திருகாணிகள் ஒளிந்திருக்கும். பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்றைச் சந்தில் நுழைத்து மெல்ல நகர்த்தினால் கொக்கிகள் ‘டிக், டிக்’ என்று விடும். அவ்வொலி கேட்டு அஞ்சற்க. திரையின் நான்கு மூலையிலுமுள்ள திருகாணிகளை நட்சத்திர முனைத் திருப்புளியால் கழற்றி, எது எங்கிருந்தது என்று தாளில் வரைந்து அதன்மேல் வைத்தல் நலம். புதிய மாதிரிகளிற் சில, திருகாணி இன்றி, இருபுறமும் இழுத்தால் நீளும் பசைநாடாவால் ஒட்டப்பட்டிருக்கும். அந்நாடாவைச் சாய்வின்றி மெதுவாக இழுக்க வேண்டும். பின்னர்த் திரையை விசைப்பலகையின் மேல் விரித்த மெல்லிய துணியின்மேல் கவிழ்த்து, ஒட்டுநாடாவை உரித்து, சிறு உலோகப் பிடி இருப்பின் அதனை நிமிர்த்தி, இணைப்பைத் திரைக்கு இணையாக இழுக்க வேண்டும். மேல்நோக்கித் தூக்கின் முறியும். புதுத் திரையை இணைத்ததும், சட்டத்தை மூடுமுன்னரே, பேட்டரியைப் பூட்டி ஒருமுறை ஒளிரச் செய்து பார்த்துவிடுக. ஒளிர்ந்தபின் மறுபடி அணைத்து, மின்சாரத்தை நீக்கி, எஞ்சியதைப் பூட்டுக.

எல்லாக் கணினிக்கும் இது பொருந்துமென்று நாம் கூறத் துணியோம். தொடுதிரைக் கண்ணாடியோடு ஒட்டி வார்க்கப்பட்டவையும், ஆப்பிள் கணினிகள் போல மூடி முழுவதையும் ஒருங்கே மாற்றவேண்டியவையும் புதியவர் கைக்கு ஏற்றனவல்ல. பேட்டரி உப்பியிருக்கக் கண்டால் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுத் தேர்ந்தவரிடம் கொண்டு செல்க. 2010க்கு முற்பட்ட மிகப் பழைய கணினிகளின் பின்னொளிக் குழலில் பாதரசம் உண்டு, அதனை உடைக்கலாகாது. உத்தரவாத காலம் முடியாதிருப்பின் முதலில் கம்பெனியாரைக் கேட்டல் முறை. ஆயினும் கீழே விழுந்து உடைந்ததைப் பெரும்பாலான உத்தரவாதங்கள் ஏற்பதில்லை. ஆகவே உத்தரவாதம் போய்விடும் என்னும் அச்சம் பல சமயங்களில் இல்லாத சொத்துக்கு இடும் காவலேயாம்.

நிற்க. பழுதுபார்ப்போர் பிழைப்பு என்னாவது என்று நண்பர் ஒருவர் வினவினார். தகுதியான வினாவே. தேனியிலும் போடியிலும் சிறுகடை வைத்துத் தாய்ப்பலகையில் ஊசிமுனை போன்ற உறுப்புகளை நுண்ணோக்கியின் கீழ்ப் பற்றவைக்கும் இளைஞரை நாம் மதிக்கிறோம். அவர் வேலை நம் திண்ணையில் ஆகாது. மிதிவண்டிக் கடையில்லாத ஊரில்லை. ஆயினும் கழன்ற சங்கிலியை மாட்டிக்கொள்ளத் தெரியாதவன் மிதிவண்டிக்காரன் அல்லன். திரை மாற்றுதல் சங்கிலி மாட்டுதலினும் சற்றே பெரியது; அவ்வளவே. அன்றியும், உள்ளே இருப்பது யாது என்று அறிந்தவர் கடைக்குச் சென்றால், நேர்மையான கடைக்காரர்க்கு அதனால் இழப்பொன்றும் இல்லை.

ஆசிரியர் சிலர், கணினியைத் திறப்பது பாடத்திட்டத்தில் இல்லை என்பர். உண்மையே. ஐந்து கணினி மொழிகளின் இலக்கணம் கற்றுப் பட்டம் பெற்று, தம் கணினியின் அடித்தகட்டை ஒருநாளும் திறந்து பாராதவர் நம்மிடையே உளர். தமிழ் கற்பவரும் வரலாறு கற்பவரும் கணினித் துறையாரிடம் இப்பணியை விட்டுவிடுவர். அவரோ அது யந்திரத்தார் வேலை என்பர். பெண்மக்களிடத்தோ இன்னும் ஒரு தடை உண்டு. அண்ணன் திறந்தால் ஆர்வம் என்பார், தங்கை திறந்தால் கெடுத்துவிடுவாய் என்பார். அந்தச் சின்னமனூர் மாணாக்கியின் வீட்டிலும் முதலில் எழுந்த சொல் அதுவே.

இதுகாறும் கூறியது நம் கையில் உள்ளது. நம் கைக்கு அப்பாற்பட்டதும் உண்டு. உறுப்பையும் விவரத்தையும் தம்மிடமே அடக்கிவைத்துக்கொள்வது வணிகருட் சிலர்க்கு இலாபம். மோட்டார் வண்டி செய்யும் 14 கம்பெனிகள் உதிரி உறுப்புகளைப் பொதுச்சந்தையில் விடாது தடுத்தன என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014ஆம் ஆண்டில் தீர்ப்பளித்து, 2,544 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டிற்குச் சென்றது. எனினும், வாங்கியவனுக்குப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமை உண்டு என்னும் எண்ணம் இந்நாட்டில் வேரூன்ற அது உதவிற்று. 2022ஆம் ஆண்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை இவ்வுரிமையை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கெனத் தனி வலைத்தளமும் திறந்தது. ஒரு பொருளைப் பழுதுபார்த்தல் எவ்வளவு எளிது என்பதை எண்ணாற் குறிக்கும் முறையைப் பற்றிய மற்றொரு குழு 2025இல் தன் அறிக்கையை அளித்தது. பிரான்சு தேசத்தார் 2021ஆம் ஆண்டு தொடக்கத்திலேயே அவ்வெண்ணை மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் கட்டாயமாக்கிவிட்டனர். அங்கே கடையில் நிற்பவன் விலைச்சீட்டின் அருகிலேயே பத்துக்கு எத்தனை என்று பார்த்து வாங்குகிறான்.

நம் மாநில அரசு ஒரே தவணையில் இலட்சக் கணக்கான கணினி வாங்குவது. அத்தகைய வாடிக்கைக்காரர் கேட்கும் நிபந்தனையை எந்தக் கம்பெனி மறுக்கும்? அடுத்த ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் சேர்க்கப்பட வேண்டுமென்பது நம் வேண்டுகோள். திரை, பேட்டரி, விசைப்பலகை ஆகிய மூன்றும் திருகாணியால் மட்டுமே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அவை, குறித்த விலைக்கு, ஐந்தாண்டு வரை, மாவட்டந்தோறும் ஓரிடத்திலேனும் கிடைக்க வேண்டும். கழற்றிப் பூட்டும் முறை தமிழில், படங்களோடு, அந்தக் கணினியின் உள்ளேயே இருக்க வேண்டும். லெனோவோ, டெல், எச்.பி. போன்றார் தம் பல மாதிரிகளுக்கு இத்தகைய கையேடுகளை வலைத்தளத்தில் விலையின்றியே வைத்திருக்கின்றனர். அவை ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைத் தமிழாக்குவது பெருஞ்செலவுடைய காரியமன்று. கலைச்சொல் தேடி ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கவும் வேண்டா. திருகாணி, கொக்கி, பிடி, நாடா என்னும் சொற்கள் தச்சரிடமும் தையற்காரரிடமும் முன்னரே உள்ளன.

கல்லூரி செய்யக்கூடியது இதனினும் எளிது. நூல்நிலையத்தின் ஒரு மூலையில் நீண்ட மேசை ஒன்று, நல்ல வெளிச்சம், திருப்புளித் தொகுதி இரண்டு, திருகாணி வைக்கக் கிண்ணங்கள், சோதனைக்கு எச்.டி.எம்.ஐ. கம்பியோடு பழைய திரை ஒன்று. ஆய்வுக்கூடத்தினின்று கழிக்கப்பட்ட மடிக்கணினிகள் சிலவற்றை முதலாண்டு மாணாக்கர் கழற்றிப் பூட்டிப் பழகட்டும். கெட்டாற் கெடட்டும், அவை கெட்டவையே. சனிக்கிழமை பிற்பகல் மூன்றாமாண்டு மாணாக்கர் இருவர் அங்கிருந்து துணைபுரிந்தால் போதும். எந்தக் கணினிக்கு எந்த எண்ணுள்ள திரை பொருந்தியது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவரின், இரண்டாண்டில் அந்தக் குறிப்பேடு இப்பள்ளத்தாக்கில் வேறெங்கும் கிடையாத ஒரு நூலாகிவிடும்.

உடைந்து கழற்றிய திரைகளையும் அம்மேசையின் கீழ் ஒரு பெட்டியிற் சேர்க்க வேண்டும். கண்ணாடித் துகள் கையிற் குத்தாதபடி நாடா ஒட்டி, தாளிற் சுற்றி வைத்தல் அவசியம். அதனைக் குப்பையோடு கொளுத்துவதும், முல்லையாற்று வாய்க்காலில் எறிவதும் இனி நடைபெறலாகாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளின்படி, அத்தகைய கழிவை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு, பொருளை ஆக்கி விற்றவரைச் சாரும். பெட்டி நிறைந்ததும் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்க்கு அனுப்பிவிடலாம்.

மேசைக்கும் கருவிகளுக்கும் ஆகும் பணம், ஓர் ஆண்டு விழாவின் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆவதினும் குறைவே. கணினித் தொழிலில் சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கும் பழைய மாணாக்கர், தம் அலுவலகங்களிற் கழிக்கப்படும் மடிக்கணினிகளிற் பத்தையேனும் முறையாகக் கேட்டுப் பெற்று அனுப்புவாராயின், வரும் ஜூன் திங்களில் கல்லூரி திறக்கும்போதே மேசையையும் திறந்துவிடலாம். மதுரையினின்று போடி வரை இரயிலும் 2023 முதல் மறுபடி ஓடுகின்றது. பெட்டிகளை ஏற்றிவிடுதல் ஒன்றே குறை.